கடற்கரையில் 0.32 ரிவால்வருக்கு எந்தத் தோட்டா வாங்குவது?

கேள்வி இது. ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் கடலை ஒட்டி இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்கு 0.32 ரிவால்வர் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. அறுவடை நாளில் கையில் பணம் இருக்கும், இரவில் பண்ணைக் கொட்டகையில் தங்க வேண்டியிருக்கும். தற்காப்புக்கு எந்தத் தோட்டா நல்லது, மிளகாய்த் தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றிக்கும் அதே தோட்டா போதுமா, வாங்கியதைக் கடல் காற்றில் எப்படி வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் பன்றியை முடித்துவிடலாம். 0.32 ரிவால்வரைக் காட்டுப்பன்றி மேல் நீட்டக் கூடாது. சட்டப்படியும் கூடாது, அந்தத் தோட்டாவின் பலத்தை வைத்துப் பார்த்தாலும் கூடாது. தற்காப்பைப் பொறுத்தவரை, குண்டின் மூக்கு எந்த வடிவம் என்பதைவிட மூன்று விஷயங்கள் பெரிது: தோட்டாவின் பெயர் உங்கள் ரிவால்வருக்குரிய பெயர்தானா, தோட்டா புதியதா, அது உலர்ந்திருக்கிறதா. இந்தக் கரையில் மூன்றாவதில்தான் பலர் தோற்கிறார்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். லைசென்ஸ் புத்தகத்தில் "0.32" என்று மட்டும் எழுதியிருந்தால் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. 0.32 என்ற எண்ணில் குறைந்தது ஐந்து தோட்டாக்கள் உண்டு. நம் நாட்டு ரிவால்வர்களான கான்பூர் தொழிற்சாலையின் 0.32, 2014-ல் வந்த நிர்பீக், 2023-ல் வந்த பிரபல் எல்லாமே 0.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவுக்கானவை. 1896-ல் அமெரிக்காவில் வந்த பழைய தோட்டா அது. பித்தளைக் கூட்டின் நீளம் 23.4 மில்லிமீட்டர், அடியில் வெளியே நீட்டிய விளிம்பு, அதாவது ரிம் இருக்கும். அஷானி போன்ற பிஸ்டலுக்குரியது 0.32 ஏசிபி. அது குட்டையானது, ரிம்மும் மிகக் கொஞ்சமே துருத்தும். ரிவால்வரில் தோட்டா உட்காரும் அறைக்குள் அதைப் போட்டால் சில நேரம் உள்ளே போய்விடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். அதை நம்பிப் போடக் கூடாது. ரிம் சரியாகப் பிடிக்காததால் சுத்தியல் அடிக்கும்போது தோட்டா முன்னே நழுவி, அதன் அடியில் தீப்பொறி எழுப்பும் பிரைமர் வெடிக்காமல் போகலாம், வெடித்தாலும் கூடு வெளியே வராமல் சிக்கலாம். அழுத்தமும் வேறு. லாங் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு என்றால் ஏசிபிக்கு 20,500. பழைய ரிவால்வரை அந்த வித்தியாசம் நாளடைவில் ஆட்டம் காண வைக்கும். மீதமுள்ள மூன்றில் 1878-ன் குட்டை 0.32 பலவீனமானது. 0.32 எச் அண்ட் ஆர் மேக்னமும் 0.327 ஃபெடரல் மேக்னமும் வெளிநாட்டுப் பலசாலிகள், நீளமும் அதிகம். ஆகவே கடையில் "0.32 கொடுங்க" என்று கேட்காதீர்கள். "0.32 ரிவால்வர், லாங்" என்று கேளுங்கள். பெட்டியின் மேல் உள்ள எழுத்தையும், தோட்டாவின் அடியில் பிரைமரைச் சுற்றிப் பொறித்திருப்பதையும், ரிவால்வர் குழலில் பொறித்திருப்பதையும் மூன்றும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள்.

இப்போது குண்டின் வகை. நம் கடைகளில் ரிவால்வருக்குப் பெரும்பாலும் கிடைப்பது புனே அருகே கட்கி தொழிற்சாலையில் செய்த, ஈயத்தில் உருண்டை மூக்கு வைத்த தோட்டா. இந்த வகைக் குண்டின் வழக்கமான எடை 98 கிரெய்ன், அதாவது 6.35 கிராம். மூன்று அங்குலக் குழலிலிருந்து ஏறத்தாழ விநாடிக்கு 200 முதல் 220 மீட்டர் வேகத்தில் போகும் என்று வையுங்கள். ஆற்றல் 130 முதல் 155 ஜூல் வரும். ஒப்பிட்டுப் பார்க்க, 0.38 ஸ்பெஷல் சுமார் 270 ஜூல், 0.357 மேக்னம் 700-ஐத் தாண்டும். இது சிறிய தோட்டா என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

சிறிய தோட்டாவில் செய்யக்கூடாத பிழை, விரிவதற்காக ஆழத்தை இழப்பது. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வகுத்த அளவுகோல், சதைக்கு ஈடாக வைக்கும் சோதனை ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது. 12 அங்குலத்துக்குக் குறைந்தால் குறுக்கே கை இருந்தாலோ ஆள் பக்கவாட்டில் நின்றாலோ உயிர்நிலைக்கு எட்டாது. குழிவு மூக்குக் குண்டு விரிந்து பெரிய காயம் செய்யும் என்பது வேகமான தோட்டாக்களுக்குப் பொருந்தும். 0.32 லாங் ஓடும் வேகத்தில் பல குழிவுக் குண்டுகள் விரிவதே இல்லை, துணி அடைத்துக்கொண்டு உருண்டை மூக்கு போலவே போகும். அப்படியே விரிந்தாலும் ஆழம் குறையும். எனவே வெளிநாட்டிலிருந்து வந்த குழிவுக் குண்டுக்காக அலைய வேண்டாம். சிலர் சாதாரண ஈயக் குண்டின் தலையைச் சிலுவை போல அறுப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. குண்டு சமநிலை இழந்து தடம் மாறும், ஈயச் சில்லு குழலில் ஒட்டும். வழக்கு என்று வந்தால் "கொல்லத் தயார் செய்து வைத்திருந்தான்" என்று எதிர்த் தரப்பு சொல்ல நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

மாற்று ஒன்று உண்டு. விளையாட்டுச் சுடுவோர் பயன்படுத்தும் வாட்கட்டர் என்னும் தட்டை மூக்குக் குண்டு. வேகம் குறைவுதான். ஆனால் தட்டை முனை சதையைத் தள்ளிவிட்டுப் போகாமல் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், ஆழமும் போதும், உதைப்பு மென்மை. வயதானவர்களுக்கும் மணிக்கட்டு பலம் குறைந்தவர்களுக்கும் உருண்டை மூக்கைவிட இது மேல் என்பது என் கருத்து. குறை ஒன்றே. குண்டு கூட்டின் வாயோடு சமமாக உட்கார்ந்திருப்பதால் அவசரத்தில் மீண்டும் நிரப்பும்போது தட்டை முனை அறை விளிம்பில் தட்டும். கிடைத்தால் சிலிண்டரில் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையில்) தட்டை மூக்கு, பையில் உருண்டை மூக்கு என்று வைக்கலாம். கிடைக்காவிட்டால் உருண்டை மூக்கே போதும், கவலைப்பட ஒன்றுமில்லை.

உருண்டை மூக்கில் இந்த நிலத்துக்கே உரிய ஆபத்து ஒன்றிருக்கிறது. தாழ்வான கோணத்தில் தண்ணீரைத் தொட்டால் அது மூழ்காது. சில்லாக்கு எறிந்த ஓடு போலத் தாவிப் போகும். இறால் குளம், கண்மாய், அலையில்லாத கழிமுகம், வாலிநோக்கம் உப்பளத்தின் இறுகிய பாத்தி எல்லாமே இதற்குப் பலகை போட்ட மாதிரி. தாவிய குண்டு எந்தத் திசையில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தச் சிறிய தோட்டாவே தடையின்றிப் போனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். குளத்துக்கு அக்கரையில் காவல்காரர் நின்றால், கடலில் வள்ளம் நின்றால், அந்தப் பக்கம் சுடும் பேச்சே இல்லை. சுவர் விஷயமும் இப்படித்தான். பனையோலை அடைப்பு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ், பிளைவுட் கதவு எதுவும் குண்டை நிறுத்தாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கரை மண்ணும் நிறுத்தும். கொட்டகையில் தங்குபவர், எந்தத் திசையில் பின்னால் மண்கரை இருக்கிறது, எந்தத் திசையில் ஆள் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பகலிலேயே பார்த்து மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய தோட்டாவை எப்படிச் சோதிப்பது? லைசென்ஸில் ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு நேரத்தில் 25, ஆண்டுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொகுதி எண் உள்ள 25-ஐ வாங்குங்கள். ரிவால்வரைக் காலி செய்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஒவ்வொரு தோட்டாவையும் ஒவ்வொரு அறையிலும் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும், ரிம் முழுதாக உட்கார வேண்டும். விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தடவினால் பிரைமர் பித்தளைக்குச் சமமாகவோ மயிரிழை உள்வாங்கியோ இருக்க வேண்டும். துருத்திய பிரைமர் சிலிண்டரைப் பின் சட்டத்தில் உரசிச் சுழல விடாது, அவசரத்தில் ட்ரிக்கர் இழுபடாமல் நிற்கும். குண்டை இரு விரலால் திருகினால் அசையக் கூடாது. பள்ளம், பச்சைக் களிம்பு, கூட்டின் கழுத்தில் மெல்லிய கீறல் எது இருந்தாலும் அதைத் தனியே வையுங்கள்.

அடுத்து ரேஞ்ச். தோப்பிலோ கடற்கரையிலோ பயிற்சிச் சுடுதல் கிடையாது. மதுரை போன்ற ஊர்களின் ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, அனுமதியுள்ள ரேஞ்சில்தான் சுட வேண்டும். 7 மீட்டரில் கைகளைத் தாங்கலில் வைத்து ஆறு தோட்டா. உங்கள் ரிவால்வரின் குறிமுனை நகராது என்பதால் குண்டின் எடையும் வேகமும் மாறினால் படும் இடம் மாறும். மெதுவாகப் போகும் கனமான குண்டு உயரமாகப் படும். குண்டு குழலில் இருக்கும் நேரம் கூடுவதால் உதைப்பில் குழல் அதற்குள் சற்று மேலெழுந்துவிடுகிறது, காரணம் அதுதான். அடுத்த ஆறை ட்ரிக்கரை முழுதாக இழுத்தே சுடுங்கள், சுத்தியலைக் கையால் ஏற்றாமல். ஏனென்றால் அவசரத்தில் அப்படித்தான் சுடுவீர்கள், அப்போது சுத்தியலின் அடி சற்றுக் குறைவாக விழும். கையால் ஏற்றினால் வெடித்து, முழு இழுப்பில் வெடிக்காமல் போனால் கோளாறு தோட்டாவில் இல்லாமல் ஸ்பிரிங்கில் இருக்கலாம். பன்னிரண்டும் தடங்கலின்றி வெடித்தால் அந்தத் தொகுதியை நம்பலாம். பதின்மூன்று மீதம். ஆறு சிலிண்டருக்கு, ஆறு கைவசத்துக்கு, ஒன்று உபரி. ஆண்டின் மறு பாதியில் அடுத்த 25 வாங்கும்போது இந்த 13-ஐயும் ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை வையுங்கள். கையிருப்பு 25-ஐத் தாண்டக் கூடாது என்பதால் சுட்ட பிறகுதான் வாங்க முடியும். வரிசையை மாற்றாதீர்கள்.

ரேஞ்சில் இரண்டு கோளாறுகளை அறிந்திருக்க வேண்டும். ட்ரிக்கர் இழுத்தும் சத்தமே இல்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு, சிலிண்டரை அவசரமாகத் திறந்தால் அது கைக்குள் வெடிக்கும். இரண்டாவது இதைவிடக் கெட்டது. வழக்கமான வெடிக்குப் பதில் "புஸ்" என்று மெலிந்த சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். வெடிமருந்து ஈரமாகி, பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு குழலின் நடுவில் போய் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். ரிவால்வரைக் காலி செய்து, குழலில் மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ விட்டு வழி இருக்கிறதா பாருங்கள். 0.32 போன்ற மெதுவான ஈயத் தோட்டாவில், அதுவும் ஓதம் ஏறிய தோட்டாவில், இது நிஜமாகவே நடக்கக்கூடியது.

அதனால்தான் வைப்பு முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டாவுக்கு வெளியிலிருந்து மூன்று எதிரிகள்: உப்பு ஈரம், அம்மோனியா, எண்ணெய்.

உப்பு ஈரம் கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் பித்தளையில் முதலில் மங்கல், பிறகு பச்சைக் களிம்பு. தோல் பெல்ட்டின் துளைகளில் தோட்டாவைச் செருகி வைத்தால் இன்னும் வேகம். தோலைப் பதனிடும் துவர்ப்பு அமிலம் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கும். உறையில் ரிவால்வரை வைத்துக் கட்டிலடியில் போட்டுவிடுவதும் அதே தவறுதான். இரவு கையருகே இருக்க வேண்டுமானால் உறையிலிருந்து எடுத்துப் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வையுங்கள். மீதித் தோட்டாக்களை ரப்பர் வளையம் வைத்து இறுகும் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து அதையும் பூட்டுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டும். டப்பாவை மழை நாளில் மூடாதீர்கள். அன்றைய ஈரத்தை உள்ளேயே அடைத்த மாதிரி ஆகிவிடும். பங்குனி, சித்திரையின் காய்ந்த நண்பகலில் திறந்து, துடைத்து, மூடுங்கள். வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் தோட்டா வைக்கக் கூடாது, நீடித்த சூட்டில் மருந்து கெடும்.

அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்ட கோளாறு அது. மழைக்காலத்தில் குதிரை லாயத்தருகே வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் காரணமின்றிப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, உள்ளே இறுக்கம் மிச்சமிருந்த பித்தளையை வெடிக்கச் செய்தது என்று 1921-ல்தான் விளங்கியது. இன்று நம் கரையில் குதிரை லாயம் இல்லை. கருவாட்டுக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை, யூரியா மூட்டை, இறால் தீவன அறை இருக்கின்றன. பண்ணைக் கொட்டகையில் தீவன மூட்டைக்கு மேல் உள்ள அலமாரியில் தோட்டா டப்பா வைப்பது இந்த வகையில் மிகத் தவறான இடம். பித்தளையைப் பளபளக்க வைக்கும் அம்மோனியா கலந்த பாலிஷும் போடக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

எண்ணெயை நல்லது என்று நினைத்துத்தான் பூசுகிறார்கள். ஊடுருவும் தன்மையுள்ள ஸ்பிரே எண்ணெய் பிரைமரின் விளிம்பு வழியே உள்ளே போய் அதைச் செத்துப்போக வைக்கும். ரிவால்வருக்கு எண்ணெய் வேண்டும், அதுவும் கடற்கரையில் வாரம் ஒரு முறை மெல்லிய பூச்சு வேண்டும். ஆனால் சிலிண்டர் அறைகளை உலர்த்தித் துடைத்த பிறகே தோட்டா போடுங்கள். சிலிண்டரில் இருக்கும் ஆறும் வியர்வையும் காற்றும் படுபவை. அவற்றை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். களிம்பு பிடித்தவற்றைக் கடலில் எறிவதோ மண்ணில் புதைப்பதோ கூடாது. ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ கணக்கில் சேர்த்து ஒப்படையுங்கள்.

இனிப் பன்றி. அமெரிக்காவில் ரிவால்வரால் வேட்டையாடுவோர் உண்டு. அவர்கள் மானுக்கே 0.357 மேக்னத்தைக் கீழ் எல்லையாக வைத்து, பன்றிக்கு 0.44 மேக்னமும் 240 கிரெய்னுக்கு மேலான கடின ஈயத் தட்டை மூக்குக் குண்டும் எடுத்துப் போகிறார்கள். ஆற்றல் 1,000 ஜூலுக்கு மேல். தோள்பட்டைத் தோலும் எலும்பும் தாண்டிப் போக அது வேண்டும். நம் 0.32-ன் 150 ஜூல் பன்றியைக் காயப்படுத்தும், கொல்லாது. காயப்பட்ட ஆண் பன்றி சீமைக்கருவேலப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் விறகு வெட்டப் போகும் பெண்ணின் மேல் அது பாயும்.

சட்டத்தில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. 11-ஆம் பிரிவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வது குற்றமல்ல என்கிறது. கொன்ற உடல் அரசுக்குச் சொந்தம், எடுத்துச் சமைத்தால் குற்றம். பயிரைக் காக்க நீங்களாகவே கொல்ல அங்கே இடமில்லை, அதற்கு வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். 2025-ல் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள், நீங்கள் அல்ல. உங்கள் வேலை சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரகத்திலும் மனு கொடுப்பது. பண்ணையைச் சுற்றும் தெருநாய்க்கும் ரிவால்வர் தீர்வு அல்ல, அதுவும் குற்றம்.

இதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரிவதில்லை. சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் ஆயுத லைசென்ஸ்காரர் வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்த எல்லைக்குள் புதிய லைசென்ஸுக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். மேலச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எல்லாம் பறவைச் சரணாலயங்கள். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். சாயல்குடிக் கரையில் இருப்பவர் இவற்றில் ஏதாவது ஒன்றின் 10 கிலோமீட்டருக்குள் வர வாய்ப்பு அதிகம். லைசென்ஸ் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, பதிவு தேவையென்றால் செய்துவிடுங்கள்.

மனிதர் விஷயத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளைத் தமிழில் ஒரு முறை படியுங்கள். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 37. பொருளைக் காக்க உயிர் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்பது கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், சாவோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத்தக்க திருட்டு போன்றவற்றுக்கே, அது 41. குளத்தில் வலை வீசி இறாலைத் திருடிக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட எந்தப் பிரிவும் இடம் தராது. ஒரு குளத்து இறால் போனால் போகட்டும், டார்ச் அடியுங்கள், சத்தம் போடுங்கள், 100-ஐ அழையுங்கள். மிரட்ட வானத்தை நோக்கிச் சுடுவதும் வேண்டாம், மேலே போன குண்டு எங்கோ ஒரு கூரையில் இறங்கும்.

பணத்தோடு ராமநாதபுரத்துக்கோ பரமக்குடிக்கோ போகும்போது லைசென்ஸ் புத்தகம் கூடவே இருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது வழக்கம், தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் கிளம்பும் முன் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒப்படைக்கும்போது தோட்டாவின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்பப் பெற்றதும் அந்தத் தோட்டாக்களைத் தனியே வைத்து அடுத்த ரேஞ்ச் நாளில் சுட்டுத் தீருங்கள். வேறு இடத்தில் வாரக்கணக்கில் எப்படி இருந்தன என்று நீங்கள் பார்க்காத தோட்டாவைச் சிலிண்டரில் போடக் கூடாது.